கூஸ்பெர்ரிக்கு ஒரு கேள்வி

"லோர்னா, இதுக்கு மேல இழுக்க முடியாது. கூஸ்பெர்ரியா, பழசா? மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி எனக்கு முடிவு தெரியணும்," என்றார் கர்ட்.

அமெரிக்காவின் டுலூத் நகரில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம். கர்ட் அதன் முதலாளி. டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் வேன்களை முன்பதிவு செய்ய, மாவட்ட நிர்வாகம் ஒரு செயலி கேட்டிருந்தது.

செயலியை யாரும் வெறுந்தரையிலிருந்து கட்டுவதில்லை. தூணும் உத்தரமும் தயாராகவே கிடைக்கும். அதற்குப் பெயர் ஃபிரேம்வொர்க். புதிதாக வந்த கூஸ்பெர்ரியா, பல வருஷமாகப் புழங்கும் பழையதா, எதை எடுப்பது என்பதில்தான் தகராறு.

"என் ஓட்டு பழசுக்குத்தான்," என்றார் குழுத் தலைவி லோர்னா.

எதிரே உட்கார்ந்திருந்த ட்ரெவர் சிரித்தான். குழுவில் அவன்தான் இளையவன்.

"அது டைனோசர் முட்டை, லோர்னா. நீங்க அடைகாத்துக்கிட்டே இருங்க, ஒண்ணும் பொரியாது."

"முட்டையோ என்னவோ, அதைப் பார்த்துக்க ஊர் ஊரா ஆள் இருக்கு. கூஸ்பெர்ரியை ஒரே ஒரு ஆள்தான் எழுதறார்."

"கூஸ்பெர்ரி!" என்றார் கர்ட். "பழத்தோட பேரு! கேட்டா ஜாம் போடலாம் போல இருக்கு."

"வெச்சவங்களுக்கு ஜாம் பிடிக்குமோ என்னமோ," என்றார் லோர்னா.

"ஒரு ஆளா இருந்தா என்ன?" என்றான் ட்ரெவர். "நெட்ல பனி ஆந்தைன்னு பேர் போட்டுக்கிட்டு எழுதறார். யாருன்னே தெரியாது. ஆனா சாயங்காலம் தப்பைச் சொன்னா, காலையில சரி பண்ணி வெச்சிருக்கார். நான் எத்தனை அசட்டுக் கேள்வி கேட்டிருக்கேன்! ஒருதடவைகூட சலிச்சுக்கலை. அது பொறுமை! இங்க சில பேர் மாதிரி எடுத்த எடுப்பிலேயே 'வேண்டாம்' சொல்ற ஆள் இல்லை."

லோர்னா ஒரு கொட்டாவியை அடக்கிக்கொண்டு காப்பியை எடுத்தார்.

"ட்ரெவர் கூஸ்பெர்ரியில ரெண்டு நாள்ல செஞ்சு காட்டினதை நான் பார்த்தேன்," என்றார் கர்ட். "பழசுல அதுக்கு எவ்வளவு ஆகும்?"

"ரெண்டு வாரம்."

"நீங்களே சொல்றீங்க!"

"உள்ளதைத்தானே சொல்லணும், கர்ட்? இந்தச் செயலி பத்து வருஷம் ஓடணும். ஒரு ஜனவரி விடியக்காலையில இது படுத்துக்கிட்டா, மைனஸ் இருபதுல யாரோ ஒரு பெரியவர் வராத வேனுக்காக வாசல்ல நிப்பார். அன்னிக்கு அந்த ஒரு ஆளுக்கு உடம்பு சரியில்லைன்னா யாரைப் போய்க் கேப்பீங்க?"

கர்ட் பெருமூச்சு விட்டார்.

"நேராவே கேக்கறேன். புதுசா கத்துக்க பயமா?"

எல்லோர் கண்ணும் மேஜை நடுவிலிருந்த பெட்டிக்குப் போனது. பெட்டியில் கடைசி டோனட் இருந்தது. முழுதாக எடுக்க எல்லோருக்கும் கூச்சம். பாதி பாதியாக வெட்டி வெட்டி, இப்போது ஒரு விரல் அகலத்துக்கு மிஞ்சியிருந்தது.

"அப்படியே வெச்சுக்கங்க," என்றார் லோர்னா.

"அப்ப இந்த வேலையை ட்ரெவர் நடத்தட்டும். நீங்க அவனுக்குக் கீழ இருங்க."

லோர்னாவின் முகம் ஒரு கணம் வாடியது.

"சரி. அப்பவும் என் ஓட்டு பழசுக்குத்தான்."

இப்போது ட்ரெவருக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

"இப்படிச் செய்வோமா? பனி ஆந்தைகிட்டயே கேட்டுடறேன். அந்த மனுஷனே தைரியமா எடுத்துக்கன்னு சொன்னா நம்புவீங்களா?"

"வேண்டாம், விடு. வேலை நேரத்துல அவரை ஏன் தொந்தரவு பண்றே?"

"பார்த்தீங்களா, எதுக்கெடுத்தாலும் வேண்டாம்!"

ட்ரெவர் மடிக்கணினியைத் திறந்து, உரக்கப் படித்துக்கொண்டே தட்டினான். "டயாலிசிஸ் நோயாளிகளுக்கான செயலி. பத்து வருஷம் ஓடணும். கூஸ்பெர்ரியை நம்பலாமா?"

அனுப்பினான்.

டிங்.

லோர்னாவின் மடிக்கணினி. கூட்டத்துக்கு வரும்போது அதன் சத்தத்தை அணைக்க மறந்துவிட்டார்.

யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ட்ரெவர் இன்னொரு வரி சேர்த்தான். "தயவுசெஞ்சு சீக்கிரம் சொல்லுங்க. இங்க ஒருத்தங்க ரொம்பப் பயப்படறாங்க."

டிங்.

ட்ரெவர் நிமிர்ந்தான். கர்ட் திரும்பினார்.

"நம்பாதே, ட்ரெவர்," என்றார் லோர்னா. "ராத்திரி பாத்திரம் கழுவினதுக்கு அப்புறம், சமையலறை மேஜையில உட்கார்ந்து எழுதறது அது. வேடிக்கையான சின்ன வேலைக்கு எடுத்துக்கோ. நோயாளிங்களுக்கு வேண்டாம்."

"நீங்களா... எழுதறது?" ட்ரெவரின் காது வரை சிவந்துவிட்டது.

"அடக் கடவுளே!" என்றார் கர்ட். "உங்களைக் கீழ இறக்கறேன்னு சொன்னப்பகூட ஒரு வார்த்தை சொல்லலையே! சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா, 'எழுதினவங்களே நம்மகிட்ட இருக்காங்க, அப்புறம் என்ன பயம்'னு அதையே எடுத்திருப்பீங்க."

கர்ட் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அதைத்தான் சொல்ல வந்திருந்தார்.

"சரி, பழசுதான்," என்றார் கடைசியில். "நீங்களே நடத்துங்க."

ட்ரெவர் தலை நிமிராமல், டோனட் பெட்டியை லோர்னா பக்கம் மெல்லத் தள்ளினான்.

லோர்னா அந்தத் துண்டையும் இரண்டாக வெட்டி, ஒன்றை அவன் பக்கம் நகர்த்தினார்.

"நேத்து ராத்திரி நீ கேட்ட சந்தேகம் ஒண்ணு பாக்கி இருக்கு. தூக்கம் வந்துடுச்சு, அதான் பதில் போடலை. மன்னிச்சுக்கோ. இன்னிக்குப் போட்டுடறேன்."