மிதவைப் பரீட்சை

பவுத்தினோ துறைமுகத்துக்குள் படகு திரும்பியபோது, வழி காட்டும் முதல் மிதவை கண்ணில் பட்டதுமே தோலேகென் ஆரம்பித்துவிட்டான்.

"குல்ஷாரா, அது என்ன நிறம்?"

"சிவப்பு. உள்ளே வரும்போது அது நமக்கு இடது பக்கம் இருக்கணும். பச்சைன்னா வலது பக்கம் இருக்கணும். போதுமா, வாத்தியாரே?"

கல்யாணமான நாளிலிருந்து இதே பரீட்சைதான். அவளில்லாமல் அவன் கடலுக்குப் போவதே இல்லை. ஊரார் அவனைப் பெண்டாட்டிதாசன் என்று கேலி செய்தார்கள். அவளுக்கோ, தன்னை மக்கு என்று நினைக்கிறானே என்ற ஆத்திரம்.

"இது?" என்று அடுத்ததைக் காட்டினான்.

அதுவும் சிவப்புதான். திட்டினால் திட்டட்டும் என்று, "பச்சை" என்றாள்.

அவன் திட்டவில்லை. மிதவை வலது பக்கம் வரும்படி சட்டென்று சுக்கானைத் திருப்பி, அதற்கு இடப்புறமாகப் படகை விட்டான். அங்கே ஆழமே இல்லை. தண்ணீருக்கடியில் முழுக்கப் பாறை.

"ஐயோ, சிவப்பு! வலது பக்கம் திருப்புங்க!"

படகின் அடி பாறையில் உரசிக்கொண்டு தப்பியது.

"கண்ணு முன்னாடி இருக்கே, தெரியலையா?" என்று கத்தினாள்.

அவன் இயந்திரத்தை நிறுத்தினான்.

"தெரியாது. பொறந்ததுலேர்ந்தே எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான். நான் பரீட்சை வைக்கல, குல்ஷாரா. தெரியாமத்தான் கேட்டேன்."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"சொன்னா கடலுக்கே போகவேண்டாம்னு சொல்லிடுவியோன்னு பயம்."

அவள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"தள்ளி உக்காருங்க," என்று சுக்கானைப் பிடித்தாள். "நான் ஓட்டறேன்."