மட்டை வரைஞ்ச கொக்கு

வெள்ளையடிக்கிற மட்டை ஒண்ணுக்கு வயசாகி, நாரெல்லாம் கொட்டி நாலஞ்சுதான் மிச்சம். இனிமே செவுத்துக்கு ஆகாதுன்னு மூலையில போட்டுட்டாங்க.

"படம் வரையணும்னு ஆசையா இருக்கு தம்பி"ன்னு பக்கத்துல இருந்த சுண்ணாம்பு வாளிகிட்ட சொல்லுச்சு.

"புள்ளைங்க கிறுக்கின படத்தையெல்லாம் வாழ்நாள் பூரா அழிச்சவரு நீங்க. இப்ப நீங்களே கெளம்பிட்டீங்களா?"ன்னு வாளி சிரிச்சுது. ஆனாலும் சுண்ணாம்பைக் கலக்கிக் குடுத்துச்சு.

மட்டை மண்செவுத்துல ஒரு கொக்கு வரைஞ்சுது. அகலமா அடிச்சே பழகினதால மெல்லிசா ஒரு கோடு இழுக்கவே திணறிப்போச்சு. முடிச்சுட்டுப் பாத்தா செவுத்துல ஈரம்தான் இருக்கு, கொக்கக் காணோம்.

"நமக்கு இது வராதுப்பா. யாரும் பாக்குறதுக்குள்ள தொடைச்சிடுறேன்."

"நில்லுங்கண்ணே. சுண்ணாம்பு காயாம என்னைக்கு வெளுத்திருக்கு? பதட்டத்துல தொழிலையே மறந்துட்டீங்க."

ரெண்டும் காத்திருந்துச்சு. வெயில் ஏற ஏற மொதல்ல மூக்கு வந்துச்சு, அப்புறம் வளைஞ்ச கழுத்து, கடைசியா ஊனி நின்ன ஒத்தக்கால்.

வாளி மெதுவா சொல்லுச்சு: "அண்ணே, என்கிட்ட இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு இருக்கு. ஒரு மீனும் போட்டுடுங்க. பாவம், பசியோட நிக்குது."