கறுப்புக் கட்டம்

"ரேடியோ, இன்னைக்கும் கேமரா போடலையா நீ?"

டீச்சரின் குரல் கேட்டதும் அவள் அவசரமாக நிமிர்ந்தாள். மைக்கைத் திறந்து, "கேமரா ரிப்பேர் டீச்சர்," என்றாள்.

"எத்தனை நாளைக்குடி ரிப்பேர்? எல்லாரும் முகத்தைக் காட்டுறாங்க, நீ மட்டும் கறுப்புக் கட்டமா உட்கார்ந்திருக்கே."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

ஓயாமல் பேசுகிறவள் என்பதால் ஒன்பதாம் வகுப்பே அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ. டீச்சரும் அப்படித்தான் செல்லமாகக் கூப்பிடுவார். நோய் பரவி, பள்ளியைப் பூட்டி, பாடமெல்லாம் இணையத்துக்கு மாறியதிலிருந்து அந்த ரேடியோ வாயைத் திறப்பதே இல்லை. திறந்தால் குட்டு உடைந்துவிடும் என்ற பயம்.

அவள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு போன். அப்பா லாரி ஓட்டுகிறவர். போன் அவருடைய சட்டைப் பையோடு ஊர் ஊராகப் போய்விடும். அம்மாதான் அவளையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாட்ச்மேனிடம் போய்க் கெஞ்சினாள்.

"அண்ணே, பிள்ளையோட படிப்பு பாழாப் போகுதுண்ணே."

"யாரையும் உள்ளே விடக்கூடாதுன்னு உத்தரவும்மா. தெரிஞ்சா என் சீட்டைக் கிழிச்சிடுவாங்க," என்று தலையைச் சொறிந்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் இளகிவிட்டார். கம்ப்யூட்டர் அறையைத் திறந்துவிட்டு, "கதவைச் சாத்திக்கிட்டு கமுக்கமா உட்காரணும் பாப்பா. வெளியே சுத்தக் கூடாது, சரியா?" என்றார்.

அன்றிலிருந்து தினமும் பின்வாசல் வழியாக வந்து அங்கே உட்கார்ந்துகொள்கிறாள். சுற்றிலும் துணி போர்த்திய கம்ப்யூட்டர்கள். மேசைகளின் மேல் கவிழ்த்து வைத்த நாற்காலிகள். எந்த இடத்தில் வாய் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தாளோ, அதே இடத்தில் இப்போது இருமல் வந்தாலும் கையால் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது. இடைவேளையில் மற்றவர்கள் திரையிலேயே அரட்டை அடிப்பார்கள். அவள் டப்பாவைத் திறந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவாள். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழிக்குத் தனி அறை, சுழல் நாற்காலி. நடுநடுவே அவளுடைய அம்மாவின் கை மட்டும் வந்து ஜூஸ் வைத்துவிட்டுப் போகும். டீச்சருக்குப் பின்னாலும் மடிப்புக் கலையாத நீலத் திரைச்சீலை தொங்கும். சத்தமே இல்லாத பெரிய வீடு போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, எனக்கு ஒரு போன்கூட இல்லை என்று எப்படிச் சொல்வது? அதைவிட, பாவம், வாட்ச்மேன் மாமாவை எப்படிக் காட்டிக் கொடுப்பது?

"இங்கே பாரு," டீச்சரின் குரல் இப்போது இறங்கியிருந்தது. "முகம் தெரியலைன்னா ஆப்சென்ட் போடணும்னு எனக்கு மேலேயிருந்து உத்தரவு. உனக்கு ஏற்கெனவே நிறைய விழுந்துடுச்சு. இன்னைக்கும் விழுந்தா பரீட்சை எழுத விடமாட்டாங்கம்மா. ஒரு நிமிஷம் முகத்தைக் காட்டிட்டு அணைச்சிடு, போதும்."

அவள் அறையைச் சுற்றுமுற்றும் பார்த்தாள். "இதோ டீச்சர்."

பக்கத்துக் கம்ப்யூட்டரில் போர்த்தியிருந்த துணியை உருவினாள். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் கம்பிக்கும் அலமாரிக் கதவுக்கும் நடுவில் அதைக் கட்டித் தொங்கவிட்டாள். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு கேமராவைப் போட்டாள்.

"அப்பாடா! முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு!" என்றார் டீச்சர்.

அவள் சிரித்தாள். அந்த நேரம் பார்த்து அலமாரிக் கதவு கிறீச்சென்று திறந்தது. முடிச்சு அவிழ்ந்து துணி தரையில் விழுந்தது.

"ஏய், அது நம்ம கம்ப்யூட்டர் ரூம்டி!"

"ஸ்கூலுக்குள்ளேயா உட்கார்ந்திருக்கே?"

"வீட்ல ஒண்ணுமே இல்லையா உனக்கு?"

எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவள் டீச்சரின் முகத்தை மட்டும் பார்த்தாள். டீச்சர் வைத்த கண் வாங்காமல் அந்த அறையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. பிறகு சட்டென்று எழுந்தார். அவருடைய கட்டமும் கறுத்துப் போனது.

போச்சு. ஹெட்மாஸ்டருக்கு போன் போடத்தான் போயிருப்பார். வாட்ச்மேன் மாமாவுக்கு வேலை போய்விடும். எல்லாம் என் ஒருத்தியால். அவள் கேமராவை அணைத்துவிட்டு மேசையில் கவிழ்ந்து அழ ஆரம்பித்தாள். அழுகைச் சத்தம் வெளியே கேட்காமலிருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. ஒரு கை வந்து தோளைத் தொட்டது.

"மாமா, நான் வேணும்னு பண்ணல..." என்று விசும்பியபடி நிமிர்ந்தாள்.

மூச்சு வாங்க நின்றிருந்தது டீச்சர்.

அவள் துள்ளி எழுந்தாள். "டீச்சர், வாட்ச்மேன் மாமா மேல எந்தத் தப்பும் இல்ல டீச்சர்! அவர்கிட்ட அம்மாதான் கெஞ்சி..."

டீச்சர் அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். கண்ணில் நீர் தளும்பியது.

"எங்க வீட்லயும் நெட் இல்லடி. இத்தனை நாளும் இதே ஸ்கூல்ல, மாடி ரூம்ல தனியா உட்கார்ந்துதான் உங்களுக்குப் பாடம் எடுத்துக்கிட்டிருக்கேன்."