நாற்பதாம் பக்கம்

"இந்தப் புத்தகத்தைப் பூட்டி வைங்க. பிள்ளைங்க கையில கொடுக்கவே கூடாது!"

பாஹியா மாநிலத்தின் கஷோய்ரா ஊர்ப் பள்ளி நூலகத்தில் இவனில்டா டீச்சர் பொரிந்தாள்.

நூலகர் டல்வா திகைத்தாள். "ஜாண்டிரா எழுதினதையா? பிள்ளைங்க அடிச்சுப் பிடிச்சுப் படிக்குதுங்களே!"

"அதானே! நானும்தான் புத்தகம் எழுதினேன், தொட ஆளில்ல. அவளுக்கு மட்டும் பரிசு, பேப்பர்ல போட்டோ. இங்கே படிக்கும்போதே எல்லா டீச்சருக்கும் அவதான் செல்லம்!"

"அதுக்காகவா பூட்டணும்?"

"நாற்பதாம் பக்கத்தைப் பாருங்க." ஒரு வரியை விரலால் குத்தினாள். "'கருப்பி, உன் தலைமுடி பாத்திரம் தேய்க்கிற கம்பி நாருடி!' நிறத்தைச் சொல்லி இப்படியா எழுதுறது?"

"எனக்கும் உறுத்துச்சு, டீச்சர். நேத்து ஜாண்டிரா வந்தப்போ கேட்டுட்டேன்."

"மாட்டினாளா! என்ன சொன்னா?"

"கற்பனையே இல்லையாம். நாலாம் வகுப்புல பக்கத்துல உட்கார்ந்த பொண்ணு தினமும் அவங்களைப் பார்த்து இப்படித்தான் சொன்னதாம்."

"யாராம் அவ?"

"பேர் சொல்லல. 'இப்போ அவ இதே பள்ளிக்கூடத்துல டீச்சர். புத்தகத்தைப் பூட்டச் சொல்லி முதல் ஆளா வருவா பாருங்க'ன்னாங்க."