கூட ஒரு ஆள்

முன் சீட்டில் அவன் துண்டு நுனியும் அவன் பெண்டாட்டி முந்தானை நுனியும் ஒன்றாக முடிச்சிடப்பட்டிருந்தன. பொம்மிடியில் பஸ் ஏறியதிலிருந்து ராஜமேரியின் கண் அந்த முடிச்சை விட்டு நகரவில்லை.

அவன் வழித்த முகமும் தேய்த்த டெரிலின் சட்டையுமாகப் புது மாப்பிள்ளை போல ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவள். தலை எண்ணெய் கண்டு எத்தனை நாளாயிற்றோ, ஜாக்கெட் கொக்கியைக்கூட மாற்றி மாட்டியிருந்தாள்.

புத்தி பேதலித்தவள் என்று ராஜமேரிக்குப் புரிந்துவிட்டது. பரிதாபம் வந்திருக்க வேண்டும். வந்ததென்னவோ பொறாமைதான். வழியில் எங்கும் ஓடிவிடக் கூடாதென்று தன்னோடு முடிந்துகொண்டல்லவா கூட்டிப்போகிறான், கொடுத்து வைத்த மகராசி.

ராஜமேரிக்கும் புருஷன் என்று ஒருவன் இருந்தான். காலையில் யாகப்பன் சொன்னது இன்னும் காதில் நின்றது. "அந்த டாக்டருகிட்ட நானும் வந்தா ஊருல என்னையும் பைத்தியம்பாங்க. நீயே போயிட்டு வா."

மூன்று வருஷமாக ராஜமேரிக்குத் தூக்கமில்லை, காரணமில்லாமல் அழுகை. கம்பவுண்டர் டானிக் கொடுத்தார், சாமியார் தலையில் கை வைத்து ஜெபித்தார், மாமியார் பேய் என்றாள். என்ன வியாதி என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

தர்மபுரி மிஷன் ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒரு நாள் பெங்களூரிலிருந்து மனநோய் டாக்டர் வருகிறார் என்று கேள்விப்பட்டு ஓடினாள். அவரும் மூன்று மாதமாக ஒரே பாட்டுத்தான். "வீட்ல நீங்க எப்படி இருக்கீங்கன்னு கூட இருக்கறவங்க சொன்னாத்தாம்மா வியாதி பிடிபடும். வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க."

கண்டக்டர் வந்தார். "தர்மபுரி ரெண்டு" என்று டிக்கெட் வாங்கியது அந்தப் பெண்தான். டிக்கெட் கேட்கவெல்லாம் நன்றாகத் தெரிகிறது என்று ராஜமேரி மனசுக்குள் பழித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி பெஞ்சிலும் அந்த ஜோடி அவள் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தது. அவன் பெண்டாட்டி தோளில் தலை சாய்த்துக்கொண்டான். ராஜமேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவள் வியாதிக்கு இன்றைக்கே பெயர் தெரிந்துவிடும். தனக்கு இன்னும் எத்தனை மாதமோ.

பொறுக்க முடியாமல் அவளிடமே கேட்டுவிட்டாள். "எத்தன வருசமாங்க இப்படி?"

"பதினோரு வருசமாச்சுங்க. பூசாரி, மந்திரிச்ச கயிறு, வேப்பெல அடின்னு எல்லாம் பாத்தாச்சு. டாக்டருகிட்ட இன்னைக்குத்தான் வர்றோம்."

"ஒங்களுக்கென்னங்க, வூட்டுக்காரரு கூடவே வந்திருக்காரு. எல்லாத்தையும் அவரே சொல்லிடுவாரு." சொல்லும்போதே ராஜமேரியின் குரலில் காரம் ஏறியிருந்தது.

அவள் ஒன்றும் புரியாமல் பார்த்தாள். அதற்குள் கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் எட்டிப் பார்த்தார். "காளியப்பன் யாரு? உள்ள வாங்க."

அவன் அசையவில்லை. "எந்திரிங்க, ஒங்களத்தான் கூப்புடறாங்க" என்று அவள் உலுக்கி எழுப்பினாள். எழுந்தவன் உள்ளே போகாமல் வாசலை நோக்கிப் பாய்ந்தான். முந்தானை விறைத்தது. அவள் கால்களை ஊன்றிக்கொண்டு, பழகிய கையால் அவனை இழுத்து நிறுத்தி, வாயோரம் வழிந்த எச்சிலைத் துடைத்துவிட்டாள்.

ராஜமேரி பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். "அப்ப வியாதி ஒங்களுக்கு இல்லீங்களா?"

"ராவெல்லாம் ஒரு பொட்டுத் தூக்கமில்ல, சும்மா சும்மா அழுகையா வருது. என்னமோ இருக்குதுங்க எனக்கும். இவரை யாருகிட்ட வுட்டுட்டு வந்து காட்டறது?"

அவனை அணைத்துக்கொண்டு கதவுவரை போனவள், நின்று ராஜமேரியைத் திரும்பிப் பார்த்தாள்.

"தனியா பஸ்ஸேறி வந்திருக்கீங்க. ஒங்களப் பாத்தா பொறாமையா இருக்குதுங்க."