தட்டில் ஒரு விரல்

ஒரு கல்லீரலின் விலை ஆறு கிலோ. பித்தக்குழாய் இல்லாமல் பிறந்த குழந்தை அந்த எடையைத் தொட்டால்தான் தாயின் ஈரலில் ஒரு துண்டை வெட்டி அதற்கு வைக்க முடியும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பேரத்துக்கு இடமில்லை. இப்போது குழந்தை தராசுத் தட்டில் கிடக்கிறது. ஜன்னல் வெயிலில் அதன் மஞ்சள் இன்னும் முற்றித் தெரிகிறது. கைகால் குச்சி, வயிறு மட்டும் உப்பிப் பளபளக்கிறது. தகப்பன் மளிகைக்கடைக்காரர். குழந்தை உருண்டுவிடாமல் காப்பவர்போல் தட்டின் விளிம்பைப் பிடித்து நிற்கிறார். எண்கள் தடுமாறி ஓடி ஆறு கிலோ இருபது கிராமில் நிற்கின்றன. “என்னங்க, வந்திடுச்சுங்க” என்கிறாள் தாய், குரல் உடைந்து. நர்ஸ் எண்ணைப் பார்க்கவில்லை, அவர் கையைப் பார்க்கிறாள். “அண்ணே, விரலை எடுங்க.” “பழக்கதோஷம், சிஸ்டர்” என்று அவர் சிரிக்கப் பார்க்கிறார். “கடையில ஊரானுக்குப் போடுறீங்க, சரி. இங்க யாருக்குப் போடுறீங்க?” அவர் விரலை எடுக்கிறார். எண் ஐந்து எழுநூறுக்கு இறங்குகிறது. நர்ஸ் குழந்தையின் வயிற்றை மெல்லத் தட்டிப் பார்க்கிறாள். “உள்ள தண்ணி கட்டியிருக்கு. அரைக் கிலோவாவது இருக்கும். அதையும் கழிச்சுத்தான் டாக்டர் பார்ப்பாரு.” தாய் குட்டிச் சட்டையின் கையைத் தேடுகிறாள். குழந்தை, தட்டை விட்டு விலகிய அதே விரலைப் பிடித்துக்கொள்கிறது. அதை உருவாமல், கடைக்காரர் வாய்க்குள் கணக்குப் போடுகிறார்: வரவு ஐந்து எழுநூறு, தண்ணீர்க் கழிவு ஐந்நூறு, ஆறுக்குப் பாக்கி எண்ணூறு கிராம்.