ருத்ரவேலின் காலடியில்

சாக்கடைக் குழியில் கணவன் செத்ததைக் காஞ்சனா எத்தனை முறை வரைந்தாலும் சுவர் உடனே அழித்துவிடும். அரசைக் குறை சொல்லும் படங்களைத் தானே துடைத்துக்கொள்ளும் சுவர் அது. நடிகர் ருத்ரவேலின் முகத்தை மட்டும் தொடாது.

அதனால் அவள் ருத்ரவேலையே வரைந்தாள். இடுப்பில் கயிறு, கையில் வாளி, உடம்பெல்லாம் மலம். நாளை அதே குழியில் அவள் தம்பி தாசு இறங்க வேண்டும். ஊர் பார்த்துத் தடுக்கட்டும் என்று குழிக்கு நேர் எதிரே வரைந்தாள்.

காலையில் தெரு கொள்ளாத கூட்டம். காஞ்சனா நம்பிக்கையோடு ஓடினாள். ரசிகர்கள் குடம் குடமாகப் படத்துக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

“என்னா கெட்டப்புக்கா! இந்தப் படம் வெள்ளி விழாதான்!” என்றான் ஒருவன்.

குழியருகே கயிறு பிடிக்க வேண்டிய மேஸ்திரியும் பால் பாக்கெட்டோடு வரிசையில் நின்றார்.

“தாசு எங்கண்ணே?”

“உள்ளதாம்மா இருக்கான். தலைவருக்கு ஒரு பாக்கெட் ஊத்திட்டு வந்துரலாம்னு…”

அவர் திரும்பிப் பார்த்தார். குழி இருந்த இடத்தில் பத்துப் பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

“மூடி தொறந்து கெடந்துச்சுக்கா,” என்றான் ரசிகன். “தலைவர் காலடியில நாறக் கூடாதுன்னு நாங்கதான் மூடுனோம்.”